மூன்றாவது வரி முடியும் இடம்

மாடம்பாக்கத்து மாடி வீட்டுக் கூடத்தில் சாயங்கால வெயில் அழுக்காக விழுந்து கிடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் கிட்டாரை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார் ஜெபசீலன். டீப்பாயில் இருக்கும் செல்போனில், தாளம் காட்டும் மெட்ரோனோம் டக், டக் என்று தட்டிக்கொண்டிருக்கிறது. விரல்கள் அதோடு ஒட்டியே போகின்றன. மூன்றாவது வரி முடிந்ததும் மட்டும் நின்றுவிடுகின்றன. டக் முந்திக்கொண்டு போய்விடுகிறது.

“மறுபடியும் அதே எடம்ப்பா,” என்கிறாள் மகள் சுஜி, துணி மடித்தபடியே. “சண்டே பாடப்போற அக்கா அங்க நிக்க மாட்டாங்க. தாளம் இழுக்குதுன்னு சர்ச் கொயர்ல சொல்றாங்க.”

“தெரியுதும்மா. கை நின்னுடுது.”

சுஜி ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். ஈஸ்டருக்கு முன் அடக்கம் செய்த அவள் அம்மா ஜெயசீலியின் நீல இன்ஹேலர் ஜன்னல் கட்டையில் இன்னும் இருக்கிறது. சர்ச்சில் அந்தப் பாட்டை எப்போதும் பாடியவள் ஜெயசீலிதான். மூன்றாவது வரி முடிந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கும். அவள் மூச்சை இழுத்து முடிக்கும்வரை கிட்டார் காத்திருக்கும். கேட்பவர்கள் அதைப் பாட்டின் அழகு என்றே நினைத்தார்கள்.

தாம்பரம் பக்கம் பயிற்சி விமானம் ஒன்று இரைந்து அடங்குகிறது. ஜெபசீலன் கண்ணை மூடி முதலிலிருந்து வாசிக்கிறார். மூன்றாவது வரி முடிகிறது. கை நிற்கவில்லை. டக்கோடு சேர்ந்தே அடுத்த வரிக்குள் போய்விடுகிறது.

“இப்ப சரியா இருக்குப்பா.”

அவர் உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிப் பிடிக்கிறார். மெட்ரோனோம் தட்டிக்கொண்டே இருக்கிறது.