குணம் முதலில் மாறும்

அலுவலக நடைவழியில் இருந்த மீன்தொட்டியைக் கழுவ வந்த தொட்டிக்காரர் வலையை வெளியே எடுத்ததும் எழுந்த வாடையில் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வலையில் நீலத்தலை ஆண்மீன், வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

தொட்டிக்குள் ஐந்து மஞ்சள் பெண்மீன்கள். அவற்றில் பெரியது மற்ற நான்கையும் விரட்டி விரட்டி வாலைக் கடித்துக்கொண்டிருந்தது.

நேற்றுவரை அதுவும் அவற்றோடு ஒரே கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடந்ததுதான்.

“‘ராஸ்’னு சொல்ற இந்தக் கடல் மீனுங்க இப்படித்தாம்மா. ஆம்பளை போயிட்டா, பொட்டையில எது பெருசோ அது ஆம்பளையாயிடும். உடம்பும் நிறமும் மாற வாரக்கணக்கா ஆகும். குணம் மட்டும் உடனே மாறிடும். இனிமே ‘அது இது’ன்னு சொல்லாதீங்க, ‘சார்’னு கூப்பிடுங்க!” என்று சிரித்தார் தொட்டிக்காரர்.

“சீ! கருமம்!”

அக்காவுக்குப் பழைய சூப்பர்வைசரின் ஞாபகம் வந்தது. நாள் முழுக்க போனில் பேசிப் பிழைக்கும் இந்த அலுவலகத்தில், எந்தப் பெண் கழிவறைக்குப் போனாலும் கைக்கடிகாரமும் கையுமாகக் காத்து நின்ற ஜென்மம். வெளியே வருபவளை மேலும் கீழும் பார்த்து, “எத்தனை நிமிஷம்?” என்று பல்லிளிப்பான்.

அக்காதான் எல்லோரையும் திரட்டினாள். கையெழுத்து வாங்கினாள். மேலிடத்தில் புகார் கொடுத்து அவனைத் துரத்தினாள்.

“இனிமே ஒருத்தியும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார வேணாம்டி!” என்று அவள் சொன்னபோது, முப்பது பெண்களும் “அக்கா!” என்று கட்டிக்கொண்டார்கள்.

அவன் நாற்காலி அவளுக்கே வந்தது. பத்து நாள் ஆகிறது.

பெரிய மீன் கண்ணாடியோரம் வந்து வாயைப் பிளந்தது. உடம்பு இன்னும் பழைய மஞ்சள்தான். அதன் உதட்டில் யாருடைய வாலோ பிய்ந்து, நூலாய்த் தொங்கியது.

கூடக் கிடந்தவளையே கடிக்கிறதே, இதெல்லாம் என்ன பிறவி! தொட்டிக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு போயும் விட்டார். அவள் மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எதிரே கழிவறைக் கதவு திறந்தது.

ஈரக்கையை உதறியபடி வெளியே வந்த கடைசி மேசைப் பெண், தொட்டியருகே நிற்பவளைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“நாலு நிமிஷம்தான் ஆச்சு... மேடம்.”

அக்கா கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

ஆறு.