வலப்பக்கம்

“கழுத்து வலி உண்டுங்களா?”

“உண்டும்மா. வலப்பக்கம்.”

கல்லூரி ஒன்றின் கழுத்துவலிக் கணக்கெடுப்புக்காக ஊர் ஊராகச் செல்பவள் சந்திரலேகா. வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவர் குடியிருப்பில், கூடை சுமக்கும் பெண்களுக்கு வலி உச்சந்தலையிலிருந்து இறங்கியது. திருப்பனந்தாளில், கணினி முன் அமர்வோருக்குப் பிடரியிலேயே நின்றது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

குடவாசலை அடுத்த இந்தத் தெருவில் மட்டும் வேறுபடவில்லை.

“தாலி கட்டறப்போ குனிஞ்சதும்மா, இன்னும் நிமிரலை” என்றார் உத்திராபதி.

“யாரு, நீங்க குனிஞ்சீங்களா?” என்றது உள்ளிருந்து மனைவியின் குரல்.

அடுத்த வீட்டு அம்சம் தலையணையைக் குறை சொன்னாள். எதிர்வீட்டுப் பிரபு செல்போனை. நாற்றுக்கட்டு, பேருந்துப் பயணம், பனி... ஒன்பது வீடுகளில் ஒன்பது காரணங்கள். வலி மட்டும் அதே வலப்பக்கம்.

“எப்பலேர்ந்துங்க?”

“ஆவணி பொறந்ததுலேர்ந்து.”

இதற்கும் ஒன்பது வீட்டிலும் ஒரே பதில்.

பத்தாவது வீட்டுக் கமலவல்லி கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

“மணி நாலு” என்றாள் தெருவைப் பார்த்து.

பேச்சொலிகள் அடங்கின. தெருமுனையில் கொலுசு ஒலித்தது. வாசல்தோறும் தலைகள், ஒவ்வொன்றாக, இடப்பக்கம் சாய்ந்தன. சைக்கிளில் போனவரும் இறங்கி, தலை சாய்த்து நின்றார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

புத்தகப் பையோடு ஒரு சிறுமி வந்தாள். அவள் தலை இடத்தோளின்மேல் சாய்ந்தே கிடந்தது; நிமிரவேயில்லை.

சந்திரலேகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“இத்தனை பெரியவங்க சேர்ந்து ஒரு குழந்தையைப் பழிச்சுக் காட்டுறீங்க. வெக்கமா இல்லை?”

கமலவல்லி சாய்த்த தலையை நிமிர்த்தாமலே அவள் கையை இறுகப் பிடித்தாள்.

“மெதுவாப் பேசும்மா. இந்த ஆவணியிலதான் நம்ம தெருவுக்குக் குடிவந்தா. பள்ளிக்கூடத்துல கோணக்கழுத்தின்னு கூப்பிட்டாங்க. நாலு நாள் ஒரு வாய் சோறு இறங்கலை கவிப்ரியாவுக்கு. தையில ஆபரேஷன். அதுவரைக்கும் உடம்பு தேறணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதான், நம்ம தெருக்காரங்க கழுத்தே இப்படித்தான்னு சொல்லி வச்சிருக்கோம்.”

சிறுமி அவர்களருகே வந்து நின்றாள். சந்திரலேகாவை இரக்கத்தோடு பார்த்தாள்.

“அக்கா, உங்க கழுத்து மட்டும் ஏன் இப்படி வெறைச்சு நிக்குது? வலிக்குதா?”

சந்திரலேகா மெல்லத் தலையை இடப்பக்கம் சாய்த்தாள்.

“இப்ப வலிக்கலை, கண்ணு.”