அழிக்க வேண்டிய குரல்

இடுப்பு இற்று விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து தையல் மிஷின் முன்னால் குனிந்தே கிடந்த இடுப்பு. அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மைக்கை நிமிர்ந்து பார்த்து, கடைசிச் சரணத்தை ஒரே மூச்சில் பாடி முடித்தாள் அவள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சவுண்டு இன்ஜினியர் தன்னை மறந்து தலையாட்டினான்.

"பிரமாதம். சரி, டிராக்கை அனுப்பிட்டுப் பாடகியைக் கூப்பிடு."

டிராக் என்றால் அவள்தான். பாடப்போகிறவர்களுக்கு வழிகாட்ட, பாட்டை முதலில் பாடி வைப்பது அவள் வேலை. பாடகியின் குரல் பதிவானதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். வருஷக்கணக்காக அழிவதற்கென்றே பாடிக்கொண்டிருந்தாள். பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "சார், இந்த ஒரு பாட்டுலயாவது எங்கேயாவது ஓரத்துல என் குரலை விட்டு வைங்க சார்."

"ஏம்மா, சாரம் கட்டித்தான் வீடு கட்டுறோம். வீடு முடிஞ்சப்புறம் எவனாவது சாரத்தை விட்டு வைப்பானா?"

இன்ஜினியர் கெக்கெக்கே என்று சிரித்தான். அதற்குள் வெளியே கார் ஹாரன் கேட்டது. அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவிவிட்டாள். கல்குவாரி முதலாளி வரும்போதெல்லாம் அவளுக்கு இதே ஓட்டம்தான்.

"காரைப் பார்த்தாலே இதுங்களுக்கு வயித்தைக் கலக்கும்," என்றான் இன்ஜினியர்.

முதலாளி உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தார். அவர் வாங்கிப் போட்ட சோபா. அவர் போட்ட காசில்தான் பாட்டும். பின்னாலேயே சூயிங்கம் மென்றபடி மகள். இது அவளுடைய முதல் பாட்டு. தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, பாடுவதுதான் பாக்கி.

"பாப்பா, பிச்சு உதறிடு!"

பாப்பா பாடினாள். சுருதி சறுக்கியது. அது போதாதென்று ஒரு வார்த்தையின் நடுவில் மூச்சு வாங்கினாள். திரும்பப் பாடச் சொன்னார்கள். அதே வார்த்தை, அதே எழுத்து, அதே மூச்சு. இன்னொரு தடவை. மறுபடியும் அங்கேயே.

உள்ளே கேட்காதபடி பட்டனை அணைத்துவிட்டு இன்ஜினியர் இசையமைப்பாளர் காதோரம் முணுமுணுத்தான். "கழுதைகூட ஒரு தடவையாவது மாத்திக் கத்தும் சார்."

"சுருதியை மிஷின்ல தூக்கி நிறுத்திடலாம். இந்த மூச்சை என்னடா பண்றது?"

"எப்படி வருது?" என்று சோபாவிலிருந்து முதலாளி கேட்டார்.

"தேன் சார்!" என்றார் இசையமைப்பாளர், திரும்பிப் பார்க்காமல்.

கார் போனதும் இருவரும் முடிவெடுத்தார்கள். பாப்பாவின் குரலை மொத்தமாக அழித்துவிட்டு, டிராக் பாடியதையே வைத்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. குவாரிக்காரனுக்குக் குரலா தெரியப் போகிறது?

அடுத்த வாரம் பாப்பா வந்து முழுப் பாட்டையும் ஹெட்போனில் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "என் குரல் நல்லா வந்திருக்குல்ல அங்கிள்?" என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் குரலே தனக்குத் தெரியாத ஜென்மம். இதற்கு ஒரு பாட்டு, அதற்கு ஒரு விழா!

விழாவும் நடந்தது. மேடையில் பாப்பா வாயை அசைத்தாள். கைத்தட்டலில் மண்டபமே அதிர்ந்தது. அவள் உள்ளே போனதும் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"என் ரத்தம்யா இது! குரல்லயே தெரியுது பாருங்க! எனக்குப் பொறந்ததுக்குத்தான் இப்படிக் குரல் வரும்!"

திரைக்குப் பின்னால் இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ரத்தமாம் சார்! அது தையல் கம்பெனி ரத்தம்னு தெரிஞ்சா மனுஷன் மேடையிலேயே சாஞ்சிடுவான்."

"மெதுவாடா," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பிய இசையமைப்பாளர் அப்படியே நின்றார். பாப்பா பின்னால் நின்றிருந்தாள்.

அவள் கோபப்படவில்லை. வாயிலிருந்த சூயிங்கத்தைக் காகிதத்தில் துப்பிவிட்டு, கடைசிச் சரணத்தை மெல்லப் பாடினாள். சுருதி பிசகவில்லை. நடுவில் மூச்சும் வாங்கவில்லை.

இன்ஜினியர் வயிற்றிலிருந்து கையை எடுத்தான்.

"இவ்வளவு நல்லா பாடுவியா?" என்றார் இசையமைப்பாளர். "அப்புறம் அன்னைக்கு எதுக்குமா அப்படிக் கெடுத்தே?"

"நான் ஒழுங்கா பாடியிருந்தா அவ குரலை அழிச்சிருப்பீங்க."

"அதனால என்ன? யாரோ ஒரு தையல்காரிக்காகவா?"

வெளியே முதலாளி இன்னும் ரத்தம், ரத்தம் என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"அப்பா பொய் சொல்லலை அங்கிள். அவரோட குவாரியில கல்லுடைச்சவ அவருக்குப் பெத்த மூத்த பொண்ணு அவ. அப்பான்னு தன் பேரைக் கொடுக்கிறதுதான் இன்னும் பாக்கி."