ஆளைக் காட்டும் சொல்

“‘நைஸ்’ எல்லாம் ஒரு சொல்லா? தண்ணி மாதிரி, நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. ஒரு சொல்லைக் கேட்டதும் ஆள் யார்னு கண்ணு முன்னால வந்து நிக்கணும்!”

“நீங்க நைஸா இருக்கீங்கன்னு சொன்னதுக்கா இவ்வளவும்?”

கல்யாணமான முதல் வாரத்தில் நடந்த பேச்சு. அதன்பிறகு பதினேழு வருடமாக, ஆங்கிலப் பேராசிரியரை அவர் மனைவி எந்தச் சொல்லாலும் புகழ்ந்ததில்லை.

இன்று அவளே கைபேசியோடு வந்து நின்றாள்.

“ஏங்க, ஒரு இங்கிலீஷ் வாத்தியார் எப்படிப்பட்டவர்னு நாலு வரி எழுதணும். பொருத்தமான வார்த்தையா சொல்லுங்களேன்.”

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. சிறந்த ஆசிரியர் விருதுக்குக் குடும்பத்தாரின் கருத்தையும் கல்லூரி கேட்டிருந்தது. மூன்று வருடமாகக் கைநழுவிப் போகும் விருது!

“‘கைண்ட்’னு போடட்டுமா?”

“மட்டம். கைண்ட்னா மனசோட நின்னுடும். ‘ஜென்டில்’னு போடு, அது குரல்லயும் தெரியும்... ஏய் மக்கு!” சாப்பாட்டு மேசையில் இலக்கணப் பயிற்சி எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துச் சீறினார். “இங்க என்ன வேடிக்கை? எழுது!”

பத்தாவது படிக்கும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நோட்டில் அவள் எழுதியதைவிட அவருடைய சிவப்பு மைதான் அதிகம்.

“அப்புறம்?”

“‘பேஷன்ட்’. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காம சொல்லித் தர்றவர். ‘ஹம்பிள்’ கட்டாயம் வேணும். அதைப் பெரிய எழுத்துல போடு.”

“‘ஹ்யூமரஸ்’?”

“பின்னே? வகுப்பே சிரிக்கணுமே!” என்றார், சிரிக்காமல்.

அவள் எழுதி முடித்து அனுப்பினாள்.

“விருதுக் குழுவுக்குத்தானே?”

“இல்லீங்க, டியூஷன் சென்டருக்கு. நம்ம பொண்ணுக்கு இங்கிலீஷ் வாத்தியார் தேடறோம்.”

“நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கும்போதா? அப்போ நீ எழுதினது என்னைப் பத்தி இல்லையா?”

“சொல்லைக் கேட்டதும் ஆள் யார்னு தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவளையே கேளுங்க, அது நீங்களான்னு.”

மகள் மெல்ல எழுந்தாள். நாலு வருடமாக அவரிடம் பாடம் படித்தவள், இதுவரை சொல்லாததைச் சொன்னாள்.

“இனிமே எனக்கு நீங்க பாடம் சொல்லித் தர வேண்டாம்ப்பா. அப்பாவா மட்டும் இருங்களேன்.”