பள்ளி விடும் நேரம்

ஒரகடத்துக் கிடங்கில் ஓராண்டாக ஓடாமல் நின்ற மின்சாரக் காரில் சார்ஜ் மட்டும் தினமும் குறைந்துகொண்டே வந்தது. மெக்கானிக் சவரிமுத்து காரணத்தைக் கண்டுபிடித்து, காரின் சொந்தக்காரி தமயந்தியை வரச்சொன்னார்.

"ஸ்கூல் விடுற நேரம் மூணரைக்கு இது தானா முழிச்சுக்குதும்மா. பின்கதவைத் திறந்து பாப்பாவைக் கூப்பிடுது. அந்தப் பழக்கத்தை அழிச்சிடட்டுமா?"

மகள் ஆதிரை இறந்த மறுவாரமே காரை இங்கே விட்டுப்போனவள் தமயந்தி. அழிக்கச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

மூன்றரை ஆனது. கதவு திறந்தது.

"ஏறிக்கோ ஆதிரை. பெல்ட் போட்டுக்கோ."

தமயந்தி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டது கார்.

"நல்லா இருந்துச்சு" என்றாள்.

சவரிமுத்து சார்ஜர் வயரை இழுத்துவந்து காரில் செருகினார்.