இளைத்துப்போன கொழுந்தன்

"உங்க தம்பியைப் பாத்தீங்களா? வரவர புதுமாப்பிள்ளை மாதிரி ஆயிட்டு வர்றார்!"

கணவரின் தலையணையைச் சரிசெய்தபடி பொருமினாள் அவள்.

"இருக்கட்டுமே. அவனாவது நல்லா இருந்தா சந்தோஷம்தானே?"

"எனக்கு மட்டும் வயித்தெரிச்சலா என்ன?"

எரியத்தான் செய்தது.

கணவருக்குக் கல்லீரலில் புற்றுநோய். கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்து, அது வளராமல் பிடித்து வைத்திருந்தார்கள். கட்டியை மட்டும் வெட்டியெடுக்க வழியில்லை. மிச்சக் கல்லீரலும் கெட்டுப்போயிருந்தது. யாராவது பாதிக் கல்லீரல் கொடுத்தால்தான் பிழைப்பார். அவளே கொடுக்கப் போனாள். ரத்த வகை சேரவில்லை.

கொழுந்தனோ, அண்ணன் படுத்த நாளாக, காலையில் ஓட்டம், மாலையில் நீச்சல். 'குண்டு' என்று ஊரே கூப்பிட்ட ஆளுக்குத் தொப்பை போன இடம் தெரியவில்லை. அவர் மனைவி, அவளுடைய ஓர்ப்படி, புதுப் பேன்ட்டுகள் வேறு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

ஒருத்தி புருஷன் தேய்கிறான். இன்னொருத்தி புருஷன் மினுக்குகிறான்.

அன்று கொழுந்தனும் ஓர்ப்படியும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அவள் வராந்தாவிலேயே பிளாஸ்க்கைத் திறந்து காபி நீட்டினாள்.

"வேண்டாம் அண்ணி."

"ஏன், எங்க கையால குடிச்சா நோய் ஒட்டிக்குமா?"

"ஐயோ, அதில்ல அண்ணி…"

"அவர் இப்பல்லாம் சர்க்கரையே சேர்க்கறதில்லக்கா," என்றாள் ஓர்ப்படி.

"நீ குடுத்து வெச்சவம்மா! கூடப்பிறந்தவர் எலும்பும் தோலுமா கிடக்கார். நீ புருஷனை அழகு பார்த்துட்டிருக்கே!"

ஓர்ப்படி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொழுந்தன் 'வேண்டாம்' என்பதுபோல் தலையசைத்தார்.

அதற்குள் டாக்டர் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். கொழுந்தனின் முதுகில் தட்டினார்.

"ஸ்கேன் வந்தாச்சு. கொழுப்பெல்லாம் கரைஞ்சிருச்சு. இனி தாராளமா அண்ணனுக்குக் கல்லீரல் குடுக்கலாம்!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"முதல்ல வந்தப்போ திருப்பி அனுப்பிட்டோம்மா," என்றார் டாக்டர். "கொழுப்பு படிஞ்ச கல்லீரல் ஆகாது. 'குறைச்சுட்டு வந்தா எடுத்துப்பீங்களா'ன்னு கேட்டுட்டுப் போனார்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"குறையாமப் போயிருந்தா? ஆசை காட்டிட்டு ஏமாத்தின மாதிரி ஆயிடும் அண்ணி."

அவள் தலை தானாகக் குனிந்தது.

டாக்டர் ஓர்ப்படியின் பக்கம் திரும்பினார். "பெரிய ஆபரேஷன். உங்க வீட்டுக்காரருக்கும் ஆபத்து இல்லாம இல்ல. மனசார சம்மதம்தானாம்மா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? இவருக்கு ஏது அவ்வளவு வைராக்கியம்? தட்டைப் பிடுங்கி, தினமும் விரட்டி விரட்டி ஓட வெச்சதே நான்தான்!"