பதினாலு நாள் மாத்திரை

குழந்தைவேலுவின் இரைப்பையில் ஒரு கிருமி முப்பது வருஷமாகப் பிள்ளைகுட்டிகளோடு குடும்பம் நடத்திவந்தது. "இந்தக் கிருமியை விட்டுவைத்தால் புண் புற்றுநோயாகலாம். பதினாலு நாளும் மாத்திரையை விடாமல் போடுங்கள்" என்று டாக்டர் சொன்னது அதன் காதிலும் விழுந்தது.

ஐந்தே நாளில் சொந்தபந்தம் பாதி காலி. ஆனாலும் கிருமி பதறவில்லை. மிச்சமிருந்தவர்களைக் கூப்பிட்டு, "யாரும் சேட்டை பண்ணாதீங்க. வலி நின்னா இந்த ஆளே மாத்திரையை நிறுத்திடுவாரு" என்றது.

அப்படியே நடந்தது. ஆறாம் நாள் குழந்தைவேலு வயிற்றைத் தடவிப் பார்த்து, "சுத்தமா சரியாயிடுச்சு" என்றார். வயிறு எரிகிறது என்று புலம்பிய மச்சானுக்கு மீதி மாத்திரைகளைப் பெரிய மனசோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, பரோட்டா சாப்பிடப் போனார்.

"பார்த்தியா என் சாமர்த்தியத்தை! இனி இங்கே என் ராஜ்ஜியம்தான்" என்று கிருமி குதித்தது.

சால்னாவில் நனைந்து கிடந்த இரைப்பை அலுப்போடு சொன்னது: "இவரு அப்பா வயித்துல உன் பாட்டனும் இப்படித்தான் ஜெயிச்சான். புற்று வந்து அவர் போனப்போ, கொள்ளி வைக்கப் போன இவரோட நானும் சுடுகாட்டுக்குப் போயிருந்தேன். உன் பாட்டனும் சேர்ந்துதான் எரிஞ்சான்."